தீ இல்லாத இடத்துக்குப் போகும் தீயணைப்பு வண்டி

நள்ளிரவு இரண்டு மணி. ஒரு தீயணைப்பு வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்புகிறது. சைரன் இல்லை, மேல் விளக்குச் சுழலவில்லை, அவசரமும் இல்லை. பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு நிலையத்துக்குப் போய், அங்கே காலியாகக் கிடக்கும் ஷெட்டுக்குள் நுழைந்து நின்றுகொள்கிறது. ஆட்கள் இறங்கிப் பெஞ்சில் உட்காருகிறார்கள். அவ்வளவுதான் வேலை. விடியும்வரை ஓர் அழைப்புகூட வராமல் போகலாம்.

பார்க்கிறவருக்கு டீசல் வீண் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதற்குமான தீயணைப்பு மீட்புப் பணி எப்படி இயங்குகிறது என்று சொல்ல, இந்த வண்டியைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஷெட்டின் சொந்த வண்டி எங்கோ ஒரு பெரிய தீயில் மாட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பிவரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அந்தப் பகுதியில் இன்னொரு வீடு பற்றிக்கொண்டால் யார் போவது? அந்த ஓட்டையை அடைக்கத்தான் அடுத்த நிலையத்து வண்டி வந்து நிற்கிறது. எரிகிற தீயை அணைப்பது பாதி வேலை. இன்னும் பிடிக்காத தீக்கு யார் போவார்கள் என்ற கேள்விக்கு எந்த நேரமும் பதில் வைத்திருப்பது மீதிப் பாதி.

எல்லாம் நிமிடக் கணக்கு

வீட்டுக்குள் பிடிக்கும் தீ சீராக வளர்வதில்லை. ஒரு சோபாவில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான புகை மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும். அந்தப் படலம் தடித்துக்கொண்டே கீழிறங்கும். அதன் வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, மேலிருந்து வீசும் அனலிலேயே கீழே உள்ள மேசை, துணி, விரிப்பு எல்லாம் சூடேறி ஆவி கக்கத் தொடங்கும். அப்புறம் சில நொடிகளில் அறை முழுக்க ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். இது நடந்துவிட்டால் அந்த அறைக்குள் யாரும் பிழைக்க வழியில்லை. முழுப் பாதுகாப்பு உடை போட்ட வீரருக்கும் சில நொடி அவகாசம்தான்.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் ஒரே அளவுள்ள அறைகளில் இரண்டு விதமான பொருள்களை நிரப்பி எரித்துப் பார்த்திருக்கிறது. மரமும் பருத்தியுமாகப் பழைய பாணிப் பொருள்கள் இருந்த அறை முழுதாகப் பற்ற 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபோம் மெத்தையும் செயற்கை இழைத் துணியுமாக இந்தக் காலத்துப் பொருள்கள் இருந்த அறை 5 நிமிடத்துக்குள் முழுக்க எரிந்தது. ஃபோம் என்பது திட வடிவில் இருக்கும் பெட்ரோலியப் பொருள் என்று நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் முழுநேர நிலையங்கள் பின்பற்றும் என்எஃப்பிஏ 1710 என்ற தரநிலையில் இந்த அவசரத்தைப் பார்க்கலாம். தீ என்று தகவல் வந்ததும் ஆட்கள் உடை மாட்டி வண்டியைக் கிளப்ப 80 நொடி. முதல் வண்டி சாலையில் ஓடி இடம் சேர 4 நிமிடம். பத்தில் ஒன்பது அழைப்புகளிலாவது இதை எட்ட வேண்டும் என்பது இலக்கு.

80 நொடியில் அத்தனை கனமான உடையை எப்படி மாட்டுவது என்று தோன்றலாம். அப்படிப்பட்ட நிலையம் ஒன்றில் வண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். பூட்ஸ் நிற்கும், கால்சட்டையின் கால்கள் அந்தப் பூட்ஸைச் சுற்றி வளையம் வளையமாகச் சரிந்து கிடக்கும். யாரோ அவிழ்த்துப் போட்ட அலங்கோலம் மாதிரித் தெரியும். உண்மையில் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பூட்ஸுக்குள் இரண்டு காலையும் விட்டு, தோள்வாரைப் பிடித்து மேலே இழுத்தால் கால்சட்டை கூடவே வந்துவிடும்.

நிலையத்தை எங்கே கட்டுவது என்பதையும் இந்த நாலு நிமிடம்தான் தீர்மானிக்கிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து நாலு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கோடு போட்டால் அழகான வட்டம் வராது. ஆறு குறுக்கே வந்தால் அந்தப் பக்கம் நசுங்கிவிடும். ரயில்வே கேட், ஒருவழிப் பாதை, குறுகலான சந்து எல்லாம் அதைக் கடித்துத் தின்னும். எனவே மக்கள்தொகை ஒன்றை மட்டும் வைத்து நிலையம் ஒதுக்க முடியாது. "அந்த நிலையத்துக்கு வருஷத்துக்கு நாலு தீதான் வருகிறது, மூடிவிடலாமே" என்று நிதி பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. என் கணக்கில் அது தப்பான கேள்வி. அதை மூடினால் அடுத்த வண்டி எத்தனை நிமிடம் தாமதமாக வரும் என்றல்லவா கேட்க வேண்டும்?

ஆள் குறைவாக வாழும் இடங்களில் முழுநேர வீரர்களை வைத்துக் கட்டுப்படியாகாது. அங்கெல்லாம் தன்னார்வலர்கள்தான் தாங்குகிறார்கள். ஆஸ்திரியாவில் முழுநேரத் தொழில்முறைத் தீயணைப்புப் படை இருப்பது ஆறே நகரங்களில். மற்ற ஊர்களுக்கெல்லாம் தன்னார்வலர் படைகள். சிலி நாட்டில் தலைநகர் உட்பட எல்லோருமே சம்பளம் வாங்காதவர்கள். பேஜர் ஒலித்ததும் வயலிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ கிளம்பி முதலில் நிலையத்துக்கு வர வேண்டும் என்பதால் புறப்பாட்டுக்கு நேரம் கூடுதலாகும். நிலையங்களை நெருக்கமாக வைத்து அதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள்.

கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே!

1935இல் லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிரே இருந்தவர் தொலைபேசியை எடுத்தார். ஆனால் எக்ஸ்சேஞ்சில் அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு சேர்ந்து வரிசையில் காத்துக் கிடந்தது. அந்தக் கோபத்தின் விளைவாக 1937இல் லண்டனில் வந்ததுதான் 999. அவசரத்துக்கென்றே தனியாக ஒரே எண் என்ற வழக்கம் அங்கிருந்து பரவியது. அமெரிக்காவில் 911 வந்தது 1968இல். ஐரோப்பாவுக்குப் பொதுவாக 112 என்று முடிவானது 1991இல்.

இன்று அழைப்பு போய்ச் சேருவது வட்டாரக் கட்டுப்பாட்டு அறைக்கு. எந்த இடம், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, எத்தனையாவது மாடி என்று கேள்வி மேல் கேள்வி வரும். பதறிப்போய் இருப்பவருக்கு எரிச்சலாக இருக்கும்: "முதலில் வண்டியை அனுப்புங்க சார், அப்புறம் கேளுங்க!" பெரும்பாலும் வண்டி அதற்குள் கிளம்பியிருக்கும். நன்றாக இயங்கும் கட்டுப்பாட்டு அறையில் முகவரி உறுதியானதும் நிலையத்தில் மணி அடித்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ரேடியோவில் போய்ச் சேரும். எனவே போனை நீங்களாக வைக்காதீர்கள், அவர்கள் வைக்கச் சொல்லும்வரை. முகவரிதான் முதலில் வேண்டும். இடம் தெரியாவிட்டால் கடைசியாகப் பார்த்த பெயர்ப்பலகை, பாலம், கிலோமீட்டர் கல் எதையாவது சொல்லுங்கள்.

எத்தனை வண்டி அனுப்புவது என்று அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. சாதாரண வீடு என்றால் இத்தனை, உயரமான கட்டடம் என்றால் கூடவே ஏணி வண்டி, மருத்துவமனை என்றால் தொடக்கத்திலேயே இன்னும் அதிகம் என்று முன்கூட்டியே பட்டியல் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டுத் தேவையில்லை என்றால் பாதி வழியில் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம். குறைவாக அனுப்பிவிட்டுப் பிறகு கூப்பிட்டால், அந்த இடைவெளியை யாராலும் திருப்பித் தர முடியாது.

எந்த வண்டி என்பதையும் இப்போது நிலைய எல்லை முடிவு செய்வதில்லை. கம்ப்யூட்டர் திரையில் எந்த வண்டி சும்மா இருக்கிறது, எது சீக்கிரம் போய்ச் சேரும் என்று பார்த்து அதை அனுப்புகிறார்கள். வட்டாரம் முழுவதும் ஒரே அமைப்பாக இருப்பதன் லாபம் இங்கேதான். உயர ஏணி வண்டி, வேதிப்பொருள் கசிவைக் கையாளும் வண்டி, நீர்மூழ்கும் குழு, இடிபாட்டில் தேடும் நாய்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு சிற்றூரும் வாங்கி வைத்துப் பராமரிக்க முடியாது. சாதாரண தண்ணீர் வண்டியை எல்லா இடத்திலும் பரப்பி வைத்து, அபூர்வமாகத் தேவைப்படுபவற்றை ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வைத்தால் எல்லோருக்கும் எட்டும்.

ஏணி வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 30 மீட்டர் ஏணி பத்து மாடிக்குக் கிட்டத்தட்ட எட்டும். அதுவும் கால்களை அகட்டி ஊன்ற உறுதியான தரையும் இடமும் கிடைத்தால்தான். கட்டடத்தைச் சுற்றிக் கார்கள் நெருக்கி நின்றால் அதுவும் போச்சு. அதற்கு மேல் உள்ள மாடிகளுக்கு உள்வழிதான் வழி. எரியும் மாடிக்கு இரண்டு மாடி கீழே ஆட்களையும் கருவிகளையும் சேர்த்துக்கொண்டு, படிக்கட்டு வழியாக மேலேறித் தாக்குவார்கள். தண்ணீர் கட்டடத்துக்குள்ளேயே செங்குத்தாக ஓடும் குழாயில் வரும். படிக்கட்டு ஓரத்தில் சிவப்பாக நிற்குமே, அதுதான். அதன் வாயில் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டி வைப்பவர்கள் ஒரு நிமிடம் இதை யோசிக்கலாம்.

தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாக விரியும். போகிற போக்கில் பெருமளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரின் அணைக்கும் திறன் அதன் ஈரத்தைவிட இந்த ஆவியாதலில்தான் அதிகம் இருக்கிறது. எனவேதான் குழாய் முனையில் இருக்கும் நாசிலைத் திருகித் தண்ணீரைச் சிறு துளிகளாகச் சிதறடித்துக் கூரையடிப் புகைமீது விட்டு விட்டுப் பீய்ச்சுகிறார்கள். தடித்த தாரையாக அடிப்பது தூரத்தில் எரிவதை எட்டுவதற்கும் ஆழத்தில் கனல்வதைக் கிளறி நனைப்பதற்கும்.

வண்டியில் இருக்கும் தண்ணீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2,000 லிட்டர் தொட்டி என்று கொள்வோம். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 400 லிட்டர் குடித்தால் ஐந்தே நிமிடம். முதல் வண்டி வந்து நின்றதும் ஓர் ஆள் தீக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் தேடுவது ஹைட்ரண்டை, அதாவது ஹோஸை மாட்டித் தண்ணீர் எடுக்கத் தெருவில் வைத்திருக்கும் குழாய் வாயை. அது இல்லாத இடங்களில் குளம், கிணறு, அல்லது ஓடி ஓடி நிரப்பிவரும் டேங்கர்கள்.

குளத்திலிருந்து எடுக்கும் குழாய் மட்டும் ஏன் விறைப்பாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? பம்ப் தண்ணீரை "இழுப்பதில்லை". குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குளத்துத் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடுகிறது. துணிக்குழாயாக இருந்தால் அதே காற்றழுத்தம் அதைச் சப்பையாக்கிவிடும். காற்றழுத்தத்தால் தண்ணீரை ஏற்ற முடிவது, கோட்பாட்டுக் கணக்குப்படி 10 மீட்டரை ஒட்டி. நடைமுறையில் ஏழு, எட்டு மீட்டர்தான். வண்டி நிற்கும் மேடு அதைவிட உயரமாக இருந்தால், எதிரே ஏரியே கிடந்தாலும் அந்தப் பம்பால் ஒரு சொட்டு எடுக்க முடியாது.

வாசலில் பலகையோடு நிற்பவர்

புகைக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கிவரும் வீரரைத்தான் சினிமாவில் காட்டுவார்கள். வாசலில் ஒரு பலகையையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு நிற்பவரை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அவர்தான் இந்தப் பணியின் நடுநாயகம்.

உள்ளே போகிறவர் முதுகில் சுவாசக் கருவி இருக்கும். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு அழுத்தத்தில், காற்று. வெளியே விட்டால் சுமார் 2,000 லிட்டர். அது ஆக்சிஜன் அல்ல, சாதாரணக் காற்றுதான். கனத்தைச் சுமந்துகொண்டு வேலை செய்பவர் நிமிடத்துக்கு 40, 50 லிட்டர் இழுப்பார். திரும்பி வருவதற்கான இருப்பைக் கழித்தால் கையில் இருப்பது அரை மணி நேரம். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் குறையும்.

உள்ளே போகும் முன் ஒவ்வொருவரும் தன் பெயர்ச் சீட்டைக் கருவியிலிருந்து கழற்றி வாசலில் நிற்பவரிடம் கொடுப்பார். அவர் அதைப் பலகையில் செருகி, உள்ளே போன நேரம், சிலிண்டர் அழுத்தம், எந்தப் பக்கம் போகிறார்கள், எப்போது விசில் ஊதும் என்று எழுதி வைப்பார். காற்று 50, 55 பாருக்கு இறங்கியதும் கருவியே விசில் அடிக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஆள் வெளியே வந்திருக்க வேண்டும். பலகையில் எழுதிய நேரத்துக்கு வரவில்லை என்றால், உடனே உள்ளே போகத் தயாராக முழு உடையோடு வெளியே ஒரு குழு நின்றுகொண்டிருக்கும். யாரும் தனியாக உள்ளே போவதில்லை. இரண்டு பேராகப் போய் இரண்டு பேராகவே வருவார்கள். ஓர் ஆள் சுமார் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் அவர்மேல் மாட்டியிருக்கும் கருவி தானாக அலறும்.

இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. 1958 ஜனவரியில் லண்டனின் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தை எரிந்தது. அடியில் வளைந்து வளைந்து போகும் நிலவறைகள், கண் தெரியாத புகை. உள்ளே போன இரண்டு வீரர்கள் வழி தவறி, காற்றுத் தீர்ந்து இறந்துபோனார்கள். யார் உள்ளே இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு காற்று மிச்சம் என்று வாசலில் கணக்கு வைக்கும் முறை பிரிட்டனில் கட்டாயமாக இறுகியது அதற்குப் பிறகுதான்.

கதவும் ஒரு கருவிதான். காற்றில்லாமல் புழுங்கிக்கொண்டிருக்கும் அறையின் கதவைத் திறப்பது அடுப்பை ஊதிவிடுவதற்குச் சமம். வீரர்கள் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஹோஸில் தண்ணீர் நிரம்பிய பிறகே கொஞ்சமாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்து என்று போவார்கள். உங்களுக்கு உதவுவதும் இதே அறிவுதான். எரியும் அறையை விட்டு ஓடும்போது கதவைச் சாத்திவிட்டு ஓடுங்கள். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். ஒரு சாதாரண மரக்கதவு பல நிமிடம் வாங்கித் தரும்.

யார் சொல்வதை யார் கேட்பது

இரண்டு வண்டி வந்தால் குழப்பம் இல்லை. இருபது வண்டி, நாலு வெவ்வேறு நிலையம், கூடவே போலீஸ், ஆம்புலன்ஸ், மின்வாரியம் என்று வந்தால்? 1970இல் கலிஃபோர்னியாவில் 13 நாள் தொடர்ந்து காட்டுத்தீக்கள் எரிந்தன. 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பின்னால் அலசிப் பார்த்தபோது, ஆளும் வண்டியும் இருந்தும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமலும் யார் தலைமை என்று தெரியாமலும் பட்ட பாடு பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு துறைக்கும் வேறு ரேடியோ அலைவரிசை, வேறு சங்கேதச் சொல். அந்தப் பாடத்திலிருந்து உருவான நிகழ்விடத் தலைமை முறையை வெவ்வேறு பெயர்களில் இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன் சாரம் எளியது: நிகழ்விடத்தில் ஒரே தலைவர், அல்லது கூடிப் பேசி முடிவெடுக்கும் ஒரே தலைமை, ஒவ்வொருவருக்கும் மேலே ஒரே ஒருவர், ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் சரி, ஏழு பேரைத் தாண்டக் கூடாது, ரேடியோவில் சங்கேதம் வேண்டாம், சாதாரணப் பேச்சு. முதலில் வந்த வண்டியின் தலைவரே தொடக்கத்தில் பொறுப்பு. பெரிய அதிகாரி வந்தால் நிலைமையைச் சொல்லி முறைப்படி ஒப்படைப்பார். அதுவரை மேலதிகாரி குறுக்கே புகுந்து உத்தரவு போடக் கூடாது. சொல்ல எளிது, பழகக் கடினம்.

தீ இல்லாத மீட்பு

பெயரில் "மீட்பு" ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பல இடங்களில் தீயைவிட மற்ற அழைப்புகளே அதிகம்: விபத்து, வெள்ளம், லிஃப்டில் சிக்கியவர், கிணற்றில் விழுந்த மாடு, வாயுக் கசிவு.

நசுங்கிய காருக்குள் ஒருவர் சிக்கியிருந்தால், கூட்டத்தில் நிற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கத்தான் பார்ப்பார்கள். மீட்புக் குழு முதலில் கார் அசையாதபடி அடியில் கட்டை கொடுக்கும். பேட்டரித் தொடர்பைத் துண்டிக்கும். மருத்துவம் தெரிந்தவர் ஒருவர் உள்ளே நுழைந்து காயம்பட்டவரின் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் 700 பார் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும், வெட்டும் கட்டரும் பிளந்து விரிக்கும் ஸ்ப்ரெடரும் வரும். தூண்களை நறுக்கி, கூரையை எடுத்து, ஆளைச் சுற்றியிருக்கும் காரைப் பிரித்தெடுப்பார்கள். கண்ட இடத்தில் வெட்டவும் முடியாது. வெடிக்காத ஏர்பேக்கின் வாயுக்குப்பி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடக் கூடாது. அது உயர் மின்னழுத்தம்.

டேங்கர் லாரி கவிழ்ந்தால் முதல் வேலை கிட்டே போகாமல் இருப்பது. பல நாடுகளில் லாரியின் பின்னால் ஆரஞ்சுப் பலகையில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருக்கும். 33, கீழே 1203 என்றால் எளிதில் தீப்பற்றும் திரவம், பெட்ரோல். மேலே உள்ள எண்ணுக்கு முன்னால் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் தண்ணீர் படவே கூடாது; சோடியம் ஏற்றிய வண்டியில் எக்ஸ்423, கீழே 1428 என்று இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தொலைநோக்கியில் இந்த எண்ணைப் படித்த பிறகே அடுத்த அடி.

அணைப்பதிலும் யோசனை வேண்டும். 1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ஒரு வேதிப்பொருள் கிடங்கு எரிந்தது. அணைக்க ஊற்றிய தண்ணீர் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. ஆறு சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. இப்போதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பார்த்து வடிகாலை அடைத்துவிட்டுத்தான் ஹோஸைத் திறக்கிறார்கள். சில தீக்களை எரிந்து தீரட்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கையாலாகாத்தனமாகத் தெரியும்.

கட்டடங்களைச் சோதிப்பது, ஹைட்ரண்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, பள்ளிகளில் ஒத்திகை நடத்துவது எல்லாம் பகல் வேலைகள். செய்தியில் வராது.

சரி, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெரிய தீக்கு வருவோம். அணைந்துவிட்டது. ஆனால் வண்டி உடனே அடுத்த தீக்குத் தயாராகிவிடாது. மிச்சக் கங்கு எங்காவது இருக்கிறதா என்று வெப்பப் படக்கருவியால் சுவர்களைத் துழாவ வேண்டும். ஈரத்தில் ஊறிப் பிணம் மாதிரிக் கனக்கும் ஹோஸ்களைச் சுருட்ட வேண்டும். நிலையத்தில் கழுவி, உயரத்தில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். சிலிண்டர்களில் காற்று நிரப்ப வேண்டும். புகை ஊறிய உடைகளைத் தனியாகப் பையில் கட்டிச் சலவைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் புகைக்கரியில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் இருக்கின்றன. தொட்டியை நிரப்பி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகு, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அந்த வண்டிக்கு நேரே நிறம் மாறும்.

இரவெல்லாம் அந்த ஷெட்டில் காவல் இருந்த வண்டிக்கு ரேடியோவில் ஒரு வரி வரும்: நீங்கள் திரும்பலாம். சைரன் இல்லாமல், வந்த வழியே கிளம்பிப் போவார்கள்.